ஒரு தொடரெண், பல மையங்கள்

ரயில் டிக்கெட், ஓய்வூதிய மனு, வாகனப் பதிவு, வரி விலைப்பட்டியல் ஆகிய எதை எடுத்துக்கொண்டாலும் அதற்கு ஓர் எண் உண்டு. மனுதாரர் தம் பெயரைச் சொல்லி விசாரித்தால் அலுவலகத்தில் விடை கிடைப்பது அரிது. எண்ணைச் சொன்னால் கோப்பு கிடைக்கும். பேரேடும் பேனாவும் இருந்த காலத்தில் இந்த எண்ணை வழங்குவதில் சிக்கல் ஏதும் எழவில்லை. பேரேடு ஒன்று, அதைக் கையாளும் எழுத்தர் ஒருவர். கடைசி வரியிலுள்ள எண்ணுடன் ஒன்றைக் கூட்டி அடுத்த வரியில் எழுதிவிடுவார்.

இன்று அந்தப் பேரேடு கணிப்பொறியில் தரவுத்தளமாக மாறியிருப்பதோடு, அதன் பிரதிகள் தொலைதூர நகரங்களிலும் வைக்கப்படுகின்றன. 1976-ல் நிறுவப்பட்ட தேசியத் தகவலியல் மையம், டில்லி, புணே, ஹைதராபாத், புவனேஸ்வர் ஆகிய நகரங்களில் தேசியத் தரவு மையங்களை அமைத்துள்ளது. ஓரிடத்தில் வெள்ளமோ நிலநடுக்கமோ நீண்ட மின்தடையோ ஏற்பட்டால், மற்றோரிடத்திலிருந்து பணி தொடர வேண்டும் என்பதே பிரதிகள் வைப்பதன் நோக்கமாகும். எழுதப்பட்டுவிட்ட பதிவுகளுக்குப் பிரதி எடுப்பது இன்று நன்கு தேர்ச்சி பெற்ற தொழில்நுட்பம். ஆனால், “அடுத்து வழங்க வேண்டிய எண் எது?” என்ற கேள்விக்கு எல்லா மையங்களும் ஒரே விடையை அளிக்கும்படி செய்வது அவ்வளவு எளிதன்று. இதைக் கவனியாது விட்டால் இருவருக்கு ஒரே எண் சென்று சேரும். ஒருவருக்கு உரிய பணம் மற்றவர் கணக்கில் ஏறுவதற்கு அதுவே போதும்.

பதிவு வேறு, தொடரெண் வேறு

தரவுத்தளத்தில் ஒவ்வொரு மனுவும் ஒரு பதிவாக எழுதப்படுகிறது. இதுவரை எந்த எண் வழங்கப்பட்டது என்ற குறிப்போ, அப்பதிவுகளுக்கு வெளியே தனியாக வைக்கப்படுகிறது. இதனைத் தொடரெண் குறிப்பு எனலாம். மனு வந்ததும் கணிப்பொறி முதலில் இக்குறிப்பிலிருந்து ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, பின்னர் அந்த எண்ணுடன் பதிவை எழுதுகிறது. எடுத்த எண்ணைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. மனு பாதியில் ரத்தானாலும் எண் செலவானதுதான்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் வேகம். ஒரே நேரத்தில் நூறு கவுண்ட்டர்களிலிருந்து மனுக்கள் வரும்போது, முதல் மனு ஏற்கப்பட்டதா, ரத்தானதா என்று தெரியும்வரை மற்ற தொண்ணூற்றொன்பதும் காத்திருக்க நேர்ந்தால் பணி நடவாது. எனவே, எண்ணைப் பெறுபவர் எவரும் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்ற விதி வகுக்கப்பட்டது. இன்னும் ஒரு படி மேலே சென்று, சில எண்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வதும் உண்டு. ஆரக்கிள் தரவுத்தளம், வேறு உத்தரவு இல்லாவிடில், ஒரு முறைக்கு 20 எண்களை எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இயந்திரம் திடீரென நின்றால், அவற்றுள் வழங்கப்படாதவை வீணாகும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 32 எண்களுக்கு ஒரு முறைதான் தன் நடவடிக்கைப் பதிவேட்டில் குறிப்பு எழுதுகிறது.

தொடரெண் குறிப்பு தனியாக நிற்பதால்தான் பிரதி எடுக்கும்போது அது விடுபடுகிறது. வட்டிலுள்ளவற்றை அப்படியே நகலெடுக்கும் முறையில் குறிப்பும் உடன் சென்றுவிடும். பதிவுகளை மட்டும் ஒவ்வொன்றாக அனுப்பும் முறையில் அது செல்வதில்லை. 2017-ல் வெளியான போஸ்ட்கிரெஸ் 10-ஆம் பதிப்பில் இந்த இரண்டாம் முறை அறிமுகமானபோது, தொடரெண் குறிப்பு அதில் சேர்க்கப்படவில்லை. பொறுப்பை மாற்றும் முன் அதனைத் தனியாகச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று அதன் கையேட்டிலேயே எச்சரிக்கை தரப்பட்டது. கையேட்டை முழுதும் படித்துவிட்டுப் பணியைத் தொடங்குவோர் எல்லா அலுவலகங்களிலும் இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மாற்று மையம் பொறுப்பேற்கும்போது

ஓர் உதாரணத்தின் மூலம் இதை விளங்கிக்கொள்ளலாம். கல்வி உதவித்தொகை மனுக்களை ஏற்கும் ஒரு பிரதான மையம், பிற்பகல் 3 மணிக்கு 48,216-ஆம் எண் வரை வழங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்குரிய மாற்று மையத்துக்கு அந்நேரம் 48,209-ஆம் பதிவு வரை வந்து சேர்ந்துள்ளது. கடைசி ஏழு பதிவுகள் வழியில் இருக்கின்றன. மாற்று மையத்திலுள்ள தொடரெண் குறிப்போ, அம்மையம் நிறுவப்பட்ட நாளில் இருந்தவாறு 40,000 என்றே காட்டுகிறது. இந்நிலையில் பிரதான மையம் செயலிழக்கிறது.

மாற்று மையம் பொறுப்பேற்றதும், முதலில் வரும் மாணவருக்கு 40,001-ஆம் எண்ணை அளிக்க முற்படுகிறது. அந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு பதிவு இருப்பதால் மனு நிராகரிக்கப்படுகிறது. அடுத்த மாணவருக்கும் அதே கதி. ஒவ்வொரு முயற்சியிலும் ஓர் எண் செலவாவதால், 8,209 முயற்சிகள் தோல்வியுற்ற பிறகே ஒரு மனு ஏற்கப்படும். கவுண்ட்டரில் கூச்சல் எழும். தொலைபேசி ஓயாது ஒலிக்கும். ஆயினும் இதை நற்காலமென்றே கருத வேண்டும். பிழை தன்னைத் தானே அறிவித்துக்கொள்கிறது. யாருக்கும் தவறான எண் செல்லவில்லை.

உண்மையான இடர் இதற்குப் பிறகுதான் வருகிறது. பொறுப்பிலுள்ள பொறியாளர் பதிவுகளைப் பார்வையிட்டு, அவற்றுள் மிகப்பெரிய எண் 48,209 என்று காண்கிறார். குறிப்பை அதற்குச் சரியாக்கி, அடுத்த எண் 48,210 என்று அமைக்கிறார். கூச்சல் உடனே அடங்குகிறது. மனுக்கள் ஏற்கப்படுகின்றன. ஆனால் 48,210 முதல் 48,216 வரையிலான ஏழு எண்களும் ஏற்கெனவே ஏழு மாணவர்களுக்கு வழங்கப்பட்டு, அச்சிட்ட ஒப்புகைச் சீட்டுகள் அவர்கள் கையில் இருக்கின்றன. இப்போது அதே எண்கள் வேறு ஏழு பேருக்குச் செல்கின்றன. இயந்திரம் எந்த எச்சரிக்கையும் தராது. மாற்று மையத்தைப் பொறுத்தவரை அந்த எண்கள் புதியவையே. பல வாரங்களுக்குப் பின், வங்கிக் கணக்கில் பணம் வரவில்லை என்று ஒரு மாணவர் வந்து நிற்கும்போதுதான் விஷயம் வெளிப்படும். பிரதான மையம் மீண்டு வந்து, இரு தொகுப்புகளையும் இணைக்க முற்படும்போது, ஒரே எண்ணுள்ள இரு பதிவுகளுள் ஒன்று மற்றொன்றை அழித்துவிடவும் கூடும்.

எனவே, “பதிவுகளுள் மிகப்பெரிய எண்ணுடன் ஒன்றைக் கூட்டு” என்ற விதி, ஒற்றைப் பேரேட்டுக்குப் பொருந்துமேயன்றி, பிரதிகளுக்குப் பொருந்தாது. போதிய இடைவெளி விட்டே தொடங்க வேண்டும். எவ்வளவு இடைவெளி என்பதற்குக் கணக்கு உண்டு. மிக நெரிசலான நேரத்தில் ஒரு நொடிக்கு எத்தனை எண்கள் வழங்கப்படுகின்றன என்பதையும், மாற்று மையம் அதிகபட்சம் எத்தனை நொடிகள் பின்தங்கக்கூடும் என்பதையும் பெருக்கினால் குறைந்தபட்ச இடைவெளி கிடைக்கும். நொடிக்கு 20 மனுக்கள், 30 நொடிப் பின்னடைவு என்றால் 600. முன்கூட்டி எடுத்து வைக்கப்பட்ட எண்களையும் சேர்த்து, அதன் இருமடங்கை விடுவது விவேகம். மேற்கூறிய உதாரணத்தில் 50,001-லிருந்து தொடங்கியிருந்தால் எவருக்கும் தீங்கு நேர்ந்திராது.

இரு மையங்களும் எப்போதும் ஒத்திருந்தால்?

இத்தகைய பின்னடைவே இல்லாதவாறு, ஒவ்வொரு எண்ணும் மறுமுனையில் பதிவாகி ஒப்புதல் வந்த பிறகே அடுத்த எண்ணை வழங்கலாமே என்று கேட்கலாம். வழங்கலாம், அதற்குரிய விலையையும் கணக்கிட வேண்டும். டில்லிக்கும் சென்னைக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 1,750 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே, ஒரு செய்தி சென்று விடை திரும்புவதற்கு, வேறு எந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும், ஒரு நொடியின் ஆயிரத்தில் 17 அல்லது 18 பங்கு பிடிக்கும். ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து வழங்கினால், நொடிக்கு 57 எண்களுக்கு மேல் வழங்க முடியாது. இயந்திரத்தை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்த வரம்பை மீற இயலாது. இது இயற்கை விதித்த வரம்பு.

நம் நாட்டின் தேவை என்ன? ரயில்வே அமைச்சகம் அளித்துள்ள தகவலின்படி, 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் முன்பதிவாயின. இது நொடிக்குச் சுமார் 530 ஆகும். மேலும், இணைப்பு அறுந்தால் இரு மையங்களும் ஒருசேர நின்றுவிடும் என்ற குறையும் இம்முறைக்கு உண்டு. பிரதி வைத்ததன் நோக்கமே இதனால் தோற்றுவிடுகிறது.

ரயில்வே கடைப்பிடித்த வழி

பயணிகள் முன்பதிவைக் கணிப்பொறி மயமாக்கும் பணி 1985-86-ல் புது டில்லியில் தொடங்கியது. பின்னர் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து இடங்களில் தனித்தனி மையங்கள் உருவாயின. ஒவ்வொன்றும் தன் வட்டாரத்து ரயில்களுக்குரிய இருக்கைக் கணக்கை வைத்திருந்தது. 1999-ல் இவை ஐந்தும் ஒரே வலையமைப்பில் இணைக்கப்பட்டு, எந்தக் கவுண்ட்டரிலிருந்தும் எந்த ரயிலுக்கும் முன்பதிவு செய்யும் வசதி ஏற்பட்டது. 2002-ல் இணையத்தின் வழியே டிக்கெட் பெறும் வசதியும் சேர்ந்தது.

இவ்வாறு ஐந்தும் ஒன்றானபோது, பத்து இலக்கங்கள் கொண்ட பி.என்.ஆர். எண்ணை எந்த மையம் வழங்குவது? பொதுவான ஒரு தொடரெண் குறிப்பை ஐந்து நகரங்களும் பகிர்ந்துகொள்ளும் முறை பின்பற்றப்படவில்லை. எண்ணின் தொடக்க இலக்கங்களே அது எந்த மையத்துக்குரியது என்பதைச் சுட்டுகின்றன. எஞ்சிய இலக்கங்களை அம்மையமே தன் பொறுப்பில் வழங்குகிறது. சென்னை வழங்கும் எண் டில்லி வழங்கும் எண்ணுடன் மோதாது. மோதுமோ என்று சென்னை டில்லியைக் கேட்கவும் வேண்டியதில்லை. விசாரணைக்கு எண் வந்ததும் எந்த மையத்துக்கு அனுப்புவது என்பதையும் முதல் இலக்கங்களே சொல்லிவிடுகின்றன.

வாகனப் பதிவு எண்ணிலும் இதே தத்துவம்தான் உள்ளது. மாநிலத்தைக் குறிக்கும் எழுத்துகள், பதிவு அலுவலகத்தின் எண், அதன்பின் அந்த அலுவலகத்தின் வரிசை என்று அது அமைந்திருக்கிறது. அதிகாரப் பகிர்வு பற்றி நிர்வாக நூல்கள் நீண்ட அத்தியாயங்களில் விளக்குவதை வாகனத்தின் முன்னால் ஆணியடித்த ஒரு தகடு நடைமுறையில் காட்டிவிடுகிறது. இதிலும் குறை இல்லாமலில்லை. இலக்கங்களுள் சில மையத்தின் அடையாளத்துக்கே செலவாகின்றன. ஒரு மையத்தின் ஒதுக்கீடு தீர்ந்து, மற்றொன்றில் ஏராளமாக மிஞ்சியிருக்கவும் கூடும். ஒதுக்கீடு செய்யப்படும் எந்தப் பண்டத்துக்கும் உள்ள குறைபாடுதான் இது.

ரசீதுப் புத்தகமும் ஒற்றை இரட்டையும்

முன்னொட்டு இல்லாமலும் பகிர்ந்துகொள்ளலாம். மத்திய அரசின் காசாளர்கள் பணம் பெற்றுக்கொண்டு வழங்கும் ஜி.ஏ.ஆர். 6 ரசீதுப் புத்தகங்களை அலுவலர்கள் அறிவர். புத்தகத்தின் தாள்கள் முன்கூட்டியே எண்ணிடப்பட்டவை. அவற்றை எண்ணிப் பார்த்து, இத்தனை படிவங்கள் உள்ளன என்று பொறுப்பு அதிகாரி சான்றெழுதிய பிறகே புத்தகம் உபயோகத்துக்கு வரும். இரு காசாளர்களிடம் இரு புத்தகங்கள் இருந்தால், ஒரே எண்ணில் இரு ரசீதுகள் பிறக்க வழியில்லை. கணிப்பொறியிலும் இவ்வாறே ஒவ்வொரு மையத்துக்கும் ஆயிரம் அல்லது பத்தாயிரம் எண்கள் கொண்ட கட்டுகளை அளிக்கலாம். கட்டு தீரும் முன் அடுத்ததைப் பெற்றுக்கொண்டால் போதும். மையங்களுக்கிடையே ஒவ்வொரு எண்ணுக்கும் நடக்க வேண்டிய கடிதப் போக்குவரத்து ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. இணைப்பு ஓரிரு மணி நேரம் அறுந்தாலும், கையிலுள்ள கட்டு தீரும்வரை பணி நிற்காது.

மற்றொரு முறை, ஒரு மையம் ஒற்றைப்படை எண்களையும் மற்றது இரட்டைப்படை எண்களையும் வழங்குவதாகும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இதற்கெனவே இரு அமைப்புகள் உள்ளன. ஒன்று தொடக்க எண், மற்றொன்று தாவும் அளவு. அமைப்பது சுலபம், பின்னால்தான் நெருக்கடி வரும். மூன்றாம் மையம் சேரும் நாளில் எல்லா மையங்களிலும் தாவும் அளவை ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே, இரு மையங்களே இருந்தாலும் தாவும் அளவைப் பத்து என்று வைத்துக்கொள்வது நல்லது. அப்போதும் எண்ணின் கொள்ளளவை மறக்கலாகாது. வழக்கமான 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2,147,483,647, அதாவது சுமார் 214 கோடி. பத்து பத்தாகத் தாவும்போது ஒவ்வொரு மையத்துக்கும் சுமார் 21 கோடியே கிட்டும். நம் நாட்டின் அளவில் இது பெரிய எண்ணன்று. தொடக்கத்திலேயே 64 பிட் எண்ணைத் தேர்ந்தெடுப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு அற்பமே.

இம்முறைகள் அனைத்திலும் ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கிறது. பெரிய எண்ணுடைய மனு பின்னால் வந்தது என்று இனிச் சொல்ல முடியாது. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற விதியுள்ள திட்டங்களில் முன்னுரிமையை எண்ணைக் கொண்டு தீர்மானித்தால் அநீதி விளையும். மனு பெற்ற நாளையும் நேரத்தையும் தனியே பதிவு செய்து அதையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும்.

ஆதார் திட்டத்தில் இரு எண்கள்

ஆதார் பதிவில் இரு வேறு எண்கள் வழங்கப்படுவதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பதிவு செய்துகொண்டவுடன் கையில் தரப்படும் சீட்டில் 14 இலக்கப் பதிவு எண்ணும், அதையடுத்து நாளும் நேரமும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த 14 இலக்கங்களுள் பதிவு முகமை, பதிவு நிலையம், அந்நிலையத்தின் தொடரெண் ஆகியவை அடங்கும். தகவல் தொடர்பு வசதியற்ற கிராமத்தில்கூட, நிலையம் எவரையும் கேளாமல் இந்த எண்ணை வழங்கிவிட முடியும்.

பின்னர் கிடைக்கும் 12 இலக்க ஆதார் எண்ணின் இயல்பு முற்றிலும் வேறு. அது எவ்வித உட்பொருளும் இல்லாத எண்ணாக இருக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் நிபந்தனை. வரிசைப்படி வழங்கினால் ஒருவர் எண்ணைக் கொண்டு அடுத்தவர் எண்ணை ஊகிக்கலாம். முன்னொட்டு இட்டால் அவர் எந்தப் பகுதியினர் என்பது தெரிந்துவிடும். எனவே எண் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆனால் இதைப் பல மையங்கள் தனித்தனியே செய்ய முடியுமா? கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு உரியது. முதல் இலக்கம் 0, 1 ஆகியவற்றில் தொடங்குவதில்லை. எஞ்சும் வாய்ப்புகள் 8,000 கோடி. நூறு கோடிக்கு மேற்பட்ட எண்கள் வழங்கப்பட்டுவிட்ட நிலையில், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் எண்களில் எண்பதில் ஒன்றுக்கு மேற்பட்டவை ஏற்கெனவே ஒருவருக்கு உரியவையாக இருக்கும். எனவே, ஒரே பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்த்தே வழங்க வேண்டும். களத்தில் பரவலாக வழங்கும் எண் ஒன்று, நடுவில் ஒப்பிட்டு வழங்கும் எண் ஒன்று என்று இரண்டாகப் பிரித்தது ஆழ்ந்த யோசனையின் பயன் எனலாம். மக்கள் வரிசையில் காத்திருக்கும் இடத்தில் ஒப்பிடல் இல்லை. ஒப்பிடல் நடக்கும் இடத்தில் மக்கள் காத்திருக்கவில்லை.

விடுபட்ட எண்களும் தணிக்கையும்

இதுவரை கூறியவற்றிலிருந்து, பிரதிகளுள்ள தரவுத்தளத்தில் எண்கள் விடுபடுவது இயல்பு என்பது விளங்கும். தணிக்கையாளருக்கு இது உவப்பானதன்று. ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாள் காணாமற்போனால் பணம் போயிற்று என்று பொருள் கொள்வதே அவர் பெற்ற பயிற்சி, அதில் தவறில்லை. ஆனால் கணிப்பொறியின் உள் எண்ணும் சட்டம் வேண்டும் வரிசை எண்ணும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்குவதால்தான் பல அலுவலகங்கள் வீண் சங்கடத்துக்கு ஆளாகின்றன.

சட்டம் எங்கே இடைவிடாத வரிசையைக் கேட்கிறதோ, அங்கே அதற்குரிய வழியையும் பெரும்பாலும் திறந்தே வைத்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மத்திய சரக்கு மற்றும் சேவை வரி விதிகளின் 46-ஆம் விதி, விலைப்பட்டியலுக்கு 16 குறிகளுக்கு மிகாத, நிதியாண்டுக்குள் தனித்தன்மை வாய்ந்த, அடுத்தடுத்த வரிசை எண் வேண்டும் என்கிறது. அதே விதி, “ஒன்று அல்லது பல வரிசைகளில்” இருக்கலாம் என்றும் அனுமதிக்கிறது. பத்துக் கிளைகளுள்ள வணிகர் பத்து வரிசைகளை வைத்துக்கொள்ளலாம். கிளைகளிடையே ஒத்திசைவு தேவையில்லை. ஒரு கிளைக்குள் வேகம் குறைவாதலால் இடைவிடாமல் எண் வழங்குவதும் கடினமன்று. ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13-ஆம் அட்டவணையில், தொடக்க எண், முடிவு எண், மொத்தம், ரத்தானவை, நிகரம் என்று கணக்குக் காட்டவும் இடமுண்டு. ரத்தான எண் குற்றமன்று. கணக்கில் வராத எண்ணே ஐயத்துக்குரியது.

2020 அக்டோபரில் பெரிய வணிகர்களுக்கு நடைமுறைக்கு வந்த மின்னணு விலைப்பட்டியலில் 64 குறிகள் கொண்ட ஒரு குறிப்பெண் வழங்கப்படுகிறது. இது தொடரெண்ணே அன்று. விற்பவரின் பதிவெண், ஆவணத்தின் வகை, அதன் எண், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. 2023-ல் பதிவு வாயில்கள் பலவான பின்னும், எந்த வாயிலில் கணக்கிட்டாலும் ஒரே விடைதான் வரும். ஆகவே, ஒரே விலைப்பட்டியல் இருமுறை பதிவானால் உடனே தெரிந்துவிடுகிறது. ஒத்திசைவின் தேவையையே நீக்கிவிடும் இம்முறைக்கு, கணக்கிடுவதற்குரிய விவரங்கள் முன்பே நிலையாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

பொறுப்பு மாற்றத்தின்போது

மாற்று மையத்துக்குப் பொறுப்பை மாற்றிப் பார்க்கும் ஒத்திகைகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தப்படுகின்றன. அன்று மனுக்கள் மிகக் குறைவு, பின்னடைவும் இல்லை. எனவே எண் மோதல் ஒத்திகையில் வெளிப்படுவதில்லை. வேலை நாளின் நெரிசலில் நடத்தினால்தான் இந்தச் சோதனைக்குப் பொருளுண்டு.

மாற்றத்துக்கு முன்பு, பிரதான மையம் இனி எண் வழங்காது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அது முழுதும் செயலிழக்காமல், இணைப்பு மட்டும் அறுபட்டிருந்தால், தன் வட்டாரத்துக்கு எண் வழங்கிக்கொண்டேயிருக்கும். அந்நிலையில் எவ்வளவு இடைவெளி விட்டாலும் போதாது. அதன்பின் ஒவ்வொரு அட்டவணையின் தொடரெண் குறிப்பையும் தனித்தனியே பார்த்து, இடைவெளி விட்டு முன்நகர்த்த வேண்டும். மனு அட்டவணையைச் சரிசெய்துவிட்டு, பணப்பட்டுவாடா அட்டவணையை மறப்பது சாதாரணமாக நேர்வது. தாண்டிச் செல்லப்பட்ட எண்கள் எவை, எந்த நாளில், எந்த உத்தரவின்படி என்பதை ஒரு பதிவேட்டில் குறித்து, அதிகாரியின் கையொப்பம் பெற்றுவிட்டால் தணிக்கையின்போது விளக்கம் தேட வேண்டியிராது.

பிரதான மையம் மீண்டபின் பொறுப்பைத் திருப்பி அளிக்கும்போதும் இதே பணியை எதிர்த்திசையில் செய்ய வேண்டும். செயலிழந்த நேரத்தில் அதன் குறிப்பு எங்கே நின்றதோ அங்கேயேதான் நிற்கும். மாற்று மையம் இடையில் வழங்கிய எண்கள் அதற்குத் தெரியாது. மேற்கண்ட உதாரணத்தில் அது 48,217 என்று தொடங்கக் காத்திருக்கும். வழியில் நின்றுபோன ஏழு பதிவுகளையும் அதன் வட்டிலிருந்து எடுத்து, 50,001-க்கு முன் விடப்பட்ட இடைவெளியில் அவற்றின் சொந்த எண்களுடனேயே சேர்த்துவிட்டால், அந்த ஏழு மாணவர்களின் ஒப்புகைச் சீட்டுகளும் செல்லுபடியாகும்.